முதல் செலவு தாளுக்கு: பினாங்கின் ஈரக்காற்றில் நீர்வண்ணம் தொடங்குவோருக்கு

நீர்வண்ணம் பழக ஆசைப்பட்டுக் கடைக்குள் நுழைகிறவர்களின் கை முதலில் போவது வண்ணப் பெட்டியின் மேல்தான். இருபத்துநான்கு நிறம், முப்பத்தாறு நிறம் என்று அடுக்கிய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து, பெரிதும் சிறிதுமாகப் பத்துத் தூரிகைகள் அடங்கிய உறை. மிஞ்சும் காசுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் டிராயிங் புளோக். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து. தாளுக்குத்தான் முதல் செலவு, பிறகு ஒரே ஒரு நல்ல தூரிகை, வண்ணம் கடைசி. எந்த ஊருக்கும் இது பொருந்தும். பினாங்கில், அதிலும் பெருநிலத்துப் பக்கம் ஜூருவுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் எங்கள் புக்கிட் தெங்காவுக்கு, இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

தொடங்குகிறவர் என்ன வாங்கலாம் என்பதில் ஓவியர்களிடையே இரண்டு கட்சி உண்டு. இருப்பதிலேயே உயர்ந்ததை வாங்கு, மட்டமான பொருள் மனத்தை முறித்துவிடும் என்பது ஒரு கட்சி. ஆசை நிலைக்குமா என்று தெரிவதற்குமுன் காசைக் கொட்டாதே என்பது மற்றது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே எல்லாப் பொருளையும் ஒன்றாகக் கட்டிப் பேசுகின்றன. மலிவான வண்ணத்தில் வரைந்தால் படம் கொஞ்சம் வெளிறித் தெரியும், அவ்வளவுதான். கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டுவிடலாம். மலிவான தாளில் அது நடக்காது. தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடும், எப்போது நிற்கும், எந்த நொடியில் அடுத்த நிறத்தை விட்டால் கலக்கும், எப்போது விட்டால் திட்டாக நிற்கும் என்பதெல்லாம் தாள்மேல்தான் தெரியவரும். தாள் மோசமானால் இவை அத்தனையும் தப்பும் தவறுமாகக் கைக்குப் பழகிவிடும். பிறகு அந்தப் பழக்கத்தை விடுவது பெரும்பாடு.

இந்த மண்ணில் நீர்வண்ணம் புதிய சரக்கல்ல. 1920களில் ஐரோப்பியர்கள் சேர்ந்து நடத்திய 'பினாங்கு இம்ப்ரெஷனிஸ்ட்ஸ்' குழுவில் இடம்பெற்ற மிகச் சில உள்ளூர்க்காரர்களுள் ஒருவர் அப்துல்லா அரிஃப் (1904–1962). ஓவிய ஆசிரியராக இருந்து பல தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1896-இல் கூச்சிங்கில் பிறந்த யோங் முன் சென், சிறுவயதில் சீனாவில் தூரிகை எழுத்துப் பயின்று, பினாங்குக்கு வந்து புகைப்பட நிலையம் நடத்திக்கொண்டே வரைந்தார், 1962-இல் மறைந்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று அவரைச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின் வந்த டான் சூன் கீ (1930–2010) லண்டன் ஸ்லேட் பள்ளியில் படித்துத் திரும்பி, ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளையும் சந்துகளையும் மையிலும் நீர்வண்ணத்திலும் வரைந்தார். தமிழ்நாட்டுப் பக்கமும் இந்தச் சுவை பழையதுதான். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, பிற்காலத்தில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், இளமையில் கையாண்டது நீர்வண்ண நிலக்காட்சிகளைத்தான்.

இவர்களின் படங்களைப் பினாங்கு மாநிலக் கலைக்கூடத்திலோ அச்சுப் புத்தகங்களிலோ பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நிறங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு நிறத்துக்கு மேல் தேறாத படங்கள் நிறைய. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை வெறுமனே விட்டிருப்பார்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். அதனால்தான் தாளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

நீர்வண்ணத் தாள் பெரும்பாலும் இரண்டு மூலப்பொருளில் வருகிறது: மரக்கூழ், பருத்தி. பருத்தியின் இழை நீளமானது, உறுதியானது. தண்ணீரைத் தன்னுள் வாங்கி மெதுவாக விடும். தேய்த்தாலும் ஒட்டுத்தாளை உரித்தாலும் மேல்தோல் கிழியாது. மரக்கூழ்த் தாளில் தண்ணீர் மேலே குட்டையாக நிற்கும், பிறகு திடீரென்று ஒரு பக்கம் காய்ந்து விளிம்பு கட்டும். வானத்தை ஒரே வீச்சில் சமமாகப் பூச முடியவில்லை என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது என்ன தாள் என்பதைத்தான்.

அடுத்தது கனம். ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் என்பது தொடங்குகிறவருக்கு ஏற்ற அளவு. அதற்குக் குறைந்தால் ஈரம் பட்டதும் தாள் அலையலையாக எழும்பி, நிறம் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேற்பரப்பில் மூன்று வகை: சூடான உருளையில் அழுத்தி வழவழப்பாக்கியது, சூடில்லாமல் அழுத்தியதால் நடுத்தரச் சொரசொரப்புள்ளது, மிகவும் கரடானது. நடுத்தரத்தை எடுங்கள். வழவழப்பான தாள் மலர்களை நுணுக்கமாக வரைகிறவர்களுக்கு. அதில் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது பழகிய கைக்கே கடினம்.

பிரான்சில் ஆர்ஷ் என்ற ஊரின் ஆலை 1492 முதல் தாள் செய்துவருகிறது. இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே தாள் செய்தார்கள். இரண்டு பெயரும் நம் ஊர்க் கடைகளில் தெரிந்தவைதான், விலையும் தெரிந்ததுதான். அண்மைக் காலத்தில் சீனாவின் பாவ்ஹோங் பருத்தித் தாள் வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பியத் தாளைவிடக் குறைந்த விலையில் முழுப் பருத்தித் தாள் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டுகிறது. அட்டையில் 'நூறு விழுக்காடு பருத்தி' என்ற குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஓவியர் தரம்', 'தொழில்முறை' போன்ற சொற்களுக்குக் கட்டாயப் பொருள் ஏதுமில்லை.

நல்ல தாளைக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவரும் வழி, புத்தகமாக வாங்காமல் முழுத் தாளாக வாங்குவது. முழுத் தாள் 56 செ.மீ. அகலம், 76 செ.மீ. நீளம். நீளவாக்கை நடுவில் மடித்து, மடிப்பை நகத்தால் நன்றாக நீவி, மறுபக்கமும் மடித்து நீவினால் கத்தி இல்லாமலே நேராகக் கிழியும். இப்படி மூன்று முறை பாதியாக்கினால் 28-க்கு 19 செ.மீ. அளவில் எட்டுத் துண்டுகள். பின்பக்கமும் வரையலாம் என்பதால் பதினாறு படம். தொடக்கப் பயிற்சிக்கு இதைவிடப் பெரிய தாள் தேவையே இல்லை. சின்னத் தாளில் தூரிகை பெரிதாகத் தெரியும். அந்தக் கட்டாயமே கையைத் தாராளமாக்கும்.

இனி ஈரம். வெளிநாட்டுப் புத்தகங்களிலும் காணொளிகளிலும் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டில், உலர்ந்த அறையில் பிறந்தவை. ஐந்து நிமிடம் காய விடுங்கள் என்பார்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில், விசிறி இல்லாமல் ஐந்து நிமிடத்தில் இங்கே எதுவும் காயாது. காலை வேளைகளில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது நமக்கு வாடிக்கை. இதில் ஒரு நன்மையும் உண்டு: ஈரத்தின்மேல் ஈரமாகப் பூசும் முறைக்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் குளிர்நாட்டாருக்குக் கிடைக்காது. மேகமும் தூரத்துக் குன்றும் இங்கே எளிதாக வரும். படிப்படியாக அடுக்கும் முறைதான் பொறுமையைச் சோதிக்கும். காற்றாடியைத் தாளுக்கு நேராகத் திருப்பாமல் பக்கவாட்டில் வைத்து, படுக்கை நிலையில் காய வையுங்கள். முடி உலர்த்தி வேண்டுமென்றால் மினுக்கம் போனபிறகு மட்டும். முன்பே ஊதினால் நீர் ஒதுங்கித் திட்டு விழும்.

ஈரம் தாளுக்குச் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியாதது. நீரை உடனே உறிஞ்சிவிடாமலிருக்கத் தாளில் ஒரு பசை ஏற்றியிருப்பார்கள். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்து ஈரம் குடித்த தாளில் அந்தப் பசை ஆங்காங்கே கெட்டுவிடுகிறது. பார்க்கப் புதுத்தாள் போலவே இருக்கும். நிறத்தைத் தொட்டு வைத்ததும் கருப்புள்ளிகளாக இறங்கும். வெளுப்பதற்கும் வழியில்லை, அழிப்பதற்கும் வழியில்லை. பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை படர்வது தனி. அதனால் ஒரு மாதத்தில் வரைந்து முடிக்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டைப் போட்டுத் தாளை வையுங்கள். மலிவு விற்பனையில் வருடக்கணக்குக்குச் சேர்ப்பது நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது.

தூரிகைக்கு வருவோம். உருண்டை வடிவில் 8 அல்லது 10-ஆம் எண் தூரிகை ஒன்று போதும். பத்துத் தூரிகை உறையில் ஆறு தூரிகைகள் கடுகளவு நுனி கொண்டவை. தொடங்குகிறவரை இலை இலையாக, ஓடு ஓடாக வரையத் தூண்டிப் படத்தைச் சாகடிப்பவை அவைதான். நல்ல உருண்டைத் தூரிகையின் வயிறு நிறையத் தண்ணீர் பிடிக்கும், நுனி ஊசியாகக் கூடும். அந்த ஒன்றாலேயே வானத்தையும் பூசலாம், தென்னங்கீற்றின் நரம்பையும் இழுக்கலாம். எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 10 இன்னொன்றின் 8 அளவுக்குத்தான் இருக்கும். முடிக்கற்றை ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

கடைக்காரரிடம் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டுச் சோதிக்கத் தயங்க வேண்டாம். புதுத் தூரிகையின் முடியைப் பிசின் போட்டு விறைப்பாக்கி வைத்திருப்பார்கள். அந்தக் கூர்மை தூரிகையின் சொந்தக் கூர்மை அன்று. தண்ணீரில் நன்றாக அலசிப் பிசினைப் போக்கி, கையை ஒருமுறை உதறுங்கள். முடி தானாக ஒன்றுகூடி நுனி கட்ட வேண்டும். இரண்டாகப் பிளந்து நின்றால் வைத்துவிடுங்கள். பிறகு உள்ளங்கையில் வயிறு வரை அழுத்தி எடுத்துப் பாருங்கள். வளைந்தது நிமிர வேண்டும். வளைந்தபடியே கிடப்பது தண்ணீரை நிறையப் பிடிக்கும், கோடு இழுக்க உதவாது. அது இரண்டாவது தூரிகையாக இருக்கலாம், முதல் தூரிகையாக வேண்டாம். கடைசியாக, முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, நம் ஊர் ஈரத்தில் மரக்கைப்பிடி உப்பி, மேல்பூச்சு உரிந்துவிடும்.

முடி எதனால் ஆனது என்பதில் உலகமெங்கும் வாதம் ஓயவில்லை. சைபீரிய வீசல் என்னும், கீரிபோல் நீள உடலுள்ள விலங்கின் வால்முடியில் செய்த கொலின்ஸ்கி தூரிகைதான் உச்சம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். லண்டனின் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1866-இல் விக்டோரியா அரசிக்காகச் செய்த 'சீரிஸ் 7' இன்னும் விற்பனையில் இருக்கிறது. சைபீரிய வீசலை இந்தியா, பன்னாட்டு வனவிலங்கு வாணிப உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் எல்லை கடக்கும்போது ஆவணம் கேட்கிறார்கள். தொடங்குகிறவருக்கு இந்தச் செலவு வேண்டவே வேண்டாம். செயற்கை இழைத் தூரிகைகள் இப்போது நுனி கூடுவதிலும் நிமிர்வதிலும் குறைவைப்பதில்லை. நீர் பிடிப்பதில் மட்டும் சற்றுக் குறைவு. நுனி சில மாதங்களில் கொக்கிபோல் வளையும். விலைக்கு அது பரவாயில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. சீனப் பள்ளிப் பிள்ளைகள் தூரிகை எழுத்துப் பழகுவதால், புக்கிட் மெர்தாஜாம் எழுதுபொருள் கடைகளில் மூங்கில் கைப்பிடித் தூரிகைகள் வாங்கலாம். பழுப்பு முடி கொண்டது வீசல் இனத்தினுடையது, நிமிரும். வெள்ளை முடி ஆட்டினுடையது, குழையும். பழுப்பில் ஒன்று, வெள்ளையில் பெரிதாக ஒன்று வாங்கினால் மேலைநாட்டுத் தூரிகைகள் பல செய்யும் வேலையை இவை இரண்டும் செய்யும். யோங் முன் சென்னின் கை இப்படிப்பட்ட தூரிகையில்தான் பழகியது. நீர்வண்ண நூல்கள் இதைப் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் சொல்லிவிட்டுப் போகின்றன. பினாங்கில் எழுதப்படும் நூல் ஒன்று இதையே முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

பல இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து வரையும் நாட்டில் முடி பற்றிய கேள்வி தரத்தோடு முடிவதில்லை. பன்றி முடித் தூரிகை எண்ணெய் வண்ணத்துக்கு உரியது. விறைப்பானது, நீர்வண்ணத்துக்கு எப்படியும் உதவாது. பன்றி, நாய் இவற்றிலிருந்து செய்த பொருள்களில் அதைக் குறிப்பிட்டே விற்க வேண்டும் என்ற ஆணை மலேசியாவில் 2013-இல் வந்தது. 2017 தொடக்கத்தில் குறிப்பில்லாத தூரிகைகளைக் கடைகளில் பறிமுதல் செய்தார்கள். முஸ்லிம் நண்பர்களோடு பொருள் பகிர்பவர்கள் கைப்பிடியைப் படித்து வாங்குவது நல்லது. செயற்கை இழை என்றால் கேள்வியே எழாது. சைவம் பார்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி: ஆர்ஷ் தாளில் ஏற்றும் பசை விலங்கு ஜெலட்டின், 'ஐவரி பிளாக்' என்ற கறுப்பு எலும்புக் கரியிலிருந்து வருவது. கறுப்பு வாங்காமலே வரையலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வண்ணம் என்பது நிறமித் தூளும் பிசினும் சேர்ந்தது. பிசின், ஆப்பிரிக்காவின் அகேசியா மரத்திலிருந்து வருவது. நம் கருவேலத்தின் உறவு. காய்ந்து வெடிக்காமலிருக்கக் கிளிசரினோ தேனோ சேர்ப்பார்கள். தேன் சேர்த்த வண்ணங்களை ஐரோப்பாவில் கொண்டாடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அவை தட்டில் காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும், பூஞ்சை பிடிக்கும், எறும்பும் வரும். விலை குறைத்துக் கொடுத்தாலும் தொடக்கத்தில் அவற்றை விட்டுவிடுங்கள்.

முப்பத்தாறு நிறப் பெட்டிக்குப் பதில் ஐந்து குழாய். எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், எரித்த சியன்னா. குழாயின் பின்னால் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரினுக்கு பி.பி.29, குவினாக்ரிடோன் ரோஸுக்கு பி.வி.19. பேர் எப்படியிருந்தாலும் குறியீடு ஒன்றே ஒன்றாக இருப்பதை எடுங்கள். ஏற்கெனவே மூன்று நிறமி கலந்த குழாயை இன்னொன்றோடு கலந்தால் சேறாகும். குறியீடே போடாத குழாயை வாங்க வேண்டாம்.

இந்த ஐந்தில் நான் மிகவும் விரும்பும் கலவை அல்ட்ராமரினும் சியன்னாவும். தட்டில் கலக்காமல், ஈரமான தாளில் இரண்டையும் அருகருகே விட்டுத் தாளைச் சாய்த்துப் பாருங்கள். சேருமிடத்தில் சாம்பல் பிறக்கும். நீலம் கூடினால் புக்கிட் மெர்தாஜாம் குன்றின்மேல் மழை கவிந்த நிறம். சியன்னா கூடினால் பழைய தகரக்கூரை. அல்ட்ராமரின் தூள் தாளின் குழிகளில் மணல்மணலாகப் படியும்.  நீர் குறைத்து அடர்த்தியாகக் கலந்தால் இந்தக் கலவையே கறுப்பு. தனிக் கறுப்புக் குழாய் எதற்கு?

மலிவான பெட்டிகளின் உண்மையான குறை வெளிறுவது. அலிசரின் கிரிம்சன் (பி.ஆர்.83) போன்ற சில நிறங்கள் வெயிலில் ஓடிப்போகும். இங்கிலாந்தில் ரஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் நீர்வண்ணங்கள்மேல் ஒளி செய்யும் வேலையைச் சோதித்து 1888-இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அத்தகைய நிறங்கள் பெட்டிகளில் தொடர்கின்றன. வீட்டில் சோதிப்பது எளிது: ஒவ்வொரு நிறத்தையும் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடிச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நம் வெயிலில் சில வாரத்திலேயே வேறுபாடு தெரியும். பயிற்சிக்கு ஓடும் நிறம் பிழையில்லை, பரிசாகக் கொடுக்கும் படத்துக்குத்தான் ஆகாது. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகும் பன்சோ போன்ற பெட்டிகளைக் குறைசொல்ல மாட்டேன். அவை வகுப்பறைக்கானவை, அங்கே நன்றாகவே பயன்படுகின்றன. தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் இருந்தால் கேம்லின் ஓவியர்வகைக் குழாய்களும், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாளும் கேட்டுப் பாருங்கள். 1931-இல் மையில் தொடங்கிய கேம்லினின் குழாய்கள் பயிற்சிக்கு வஞ்சனையில்லாதவை.

மற்றவற்றுக்குக் காசு வேண்டாம். வெள்ளைப் பீங்கான் தட்டு, இரண்டு கண்ணாடிக் குவளை, பழைய பருத்தித் துணி, தாளை ஒட்ட ஒரு பலகை, ஒட்டுத்தாள், மென்மையான பென்சில். அவ்வளவே. வரைந்து முடித்ததும் தூரிகையைச் சோப்பில் கழுவி, விரலால் நுனி கூட்டி, படுக்க வைத்துக் காய விடுங்கள். குவளையில் நுனி கீழாக விட்டால் அன்றோடு போயிற்று. ஈரத் தட்டை மூடிப் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் வெள்ளைப் பூஞ்சை. நுனியை வாயால் கூட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. காட்மியம், கோபால்ட் கலந்த வண்ணங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் தொற்றவிடக் கூடாது.

புக்கிட் தெங்காவில் இருப்பவர்களுக்கு நிலையத்தில் கம்யூட்டர் ரயில் ஏறினால் ஒரு பக்கம் புக்கிட் மெர்தாஜாம், மறுபக்கம் பட்டர்வொர்த். அங்கிருந்து படகேறினால் ஜார்ஜ்டவுன். சீனத் தூரிகைக்கு முதல் திசை, தாளுக்கும் குழாய்க்கும் தீவு. இணையத்திலும் வாங்கலாம், ஆனால் முதல் தூரிகையைத் தொட்டு, நனைத்து, உதறிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

முழுத் தாளைத் தனியாளாக வாங்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பயிற்சிப் புத்தகங்களை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கின்றன. அதே வழியில் பருத்தித் தாளையும் மொத்தமாக எடுத்து, எட்டாகக் கிழித்து, துண்டுக் கணக்கில் கொடுக்கலாம். ஒரு பிள்ளைக்கு மாதத்துக்கு இரண்டு துண்டு போதும். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறவர்களும், வேலை ஓய்வுபெற்று வரைய வருகிற பெரியவர்களும் அதே கட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாள் அலமாரியில் தங்காமல் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். பசை கெடுவதற்கு ஈரத்துக்கு நேரமும் கிடைக்காது. தூரிகையும் வண்ணமும் அவரவர் வாங்கிக்கொள்ளட்டும்.